ஆறு கைவிட்ட நிலம்

1684 ஜூலையில் லா சால் என்கிற பிரெஞ்சுக்காரர் நான்கு கப்பல்களோடும் ஏறக்குறைய முந்நூறு ஆட்களோடும் பிரான்சிலிருந்து கிளம்பினார். போக வேண்டிய இடம் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம். அது அவருக்குப் புதிய இடமில்லை. இரண்டு வருடம் முன்னால், 1682 ஏப்ரலில், வடக்கேயிருந்து ஆற்றோடு படகில் இறங்கிவந்து, முகத்துவாரத்துப் பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டு, இந்த ஆறு ஓடுகிற நிலமெல்லாம் எங்கள் ராஜா லூயிக்குச் சொந்தம் என்று அறிவித்தவரே அவர்தான். லூசியானா என்ற பெயர் அப்படி வந்ததுதான். இந்த முறை கடல் வழியாக வந்து அதே இடத்தைப் பிடித்தால் போதும்.

பிடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆற்றின் வாயைத் தாண்டிப் போய், 600 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே, இன்றைய டெக்சாஸ் கரையில் இறங்கினார். அங்கிருந்து ஆற்றைத் தேடி நடந்தார். 1687-ல் அவரோடு வந்தவர்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கடலில் கிழக்கு மேற்கு தூரத்தைச் சரியாகக் கணக்கிட அந்தக் காலத்தில் வழியில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தக் கரை. அங்கே பாறை இல்லை, குன்று இல்லை, கப்பலிலிருந்து பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. நாணல், சேறு, தண்ணீர், மறுபடியும் நாணல். நிலம் எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாத ஒரு விளிம்பு.

நான் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் பல வருடமாக அதன் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இடம் என்று நம்ப முடியாது. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான். அந்த மண்ணில் முந்நூறு வருடமாக மனிதர்கள் ஆற்றிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இருந்த இடத்திலேயே இரு.” ஆறு அதைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நிலம் காணாமல் போக ஆரம்பித்தது.

*

முதலில் கடலைப் பற்றி. எல்லா ஆறும் மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்டுகிறது. கொட்டிய மண் என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடல். அலை பலமாக அடிக்கிற கரையில், வந்த மணலை அலை வாரிப் பக்கவாட்டில் பரப்பிவிடும். கரை வழவழப்பாக, வில் மாதிரி வளைந்து நிற்கும். நைல் டெல்டாவின் கடலோரம் அப்படி. ஓதம் பலமாக இருந்தால், அதாவது கடல் தினமும் பல மீட்டர் ஏறி வடிந்தால், அது மண்ணை உள்ளேயும் வெளியேயும் இழுத்து, புனல் மாதிரி அகன்ற வாய்களையும் நீளநீளமான திட்டுகளையும் செய்யும். சுந்தரவனத்தின் படத்தைப் பார்த்தால் புரியும். 1975-ல் வில்லியம் காலோவே என்ற புவியியலாளர் உலகத்து டெல்டாக்களையெல்லாம் ஒரு முக்கோணத்துக்குள் அடுக்கினார். ஒரு மூலையில் அலை, ஒரு மூலையில் ஓதம், மூன்றாவது மூலையில் ஆறு.

அந்த மூன்றாவது மூலையில் உட்கார்ந்திருப்பது மிசிசிப்பி. அது போய்ச் சேரும் மெக்சிகோ வளைகுடாவின் அந்தப் பக்கம், புயல் காலம் தவிர, சாதுவான கடல். ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு அடி. அலையும் பெரிதில்லை. அதனால் ஆறு போட்ட மண் போட்ட இடத்திலேயே கிடக்கும். அமைதியான கடலோரத்தில் வரைவது ஆறு மட்டும்தான். அழிக்க ஆள் இல்லை. மேலிருந்து பார்த்தால் பறவைக் கால் மாதிரி விரல் விரலாக நிலம் கடலுக்குள் நீண்டிருப்பது இதனால்தான்.

விரல் எப்படி உண்டாகிறது? வெள்ளத்தில் ஆறு கரை வழிந்து வெளியே வந்ததும் வேகம் குறைகிறது. கனமான மணலையும் வண்டலையும் கரை ஓரத்திலேயே போட்டுவிட்டு, மெல்லிய களியை மட்டும் தூரத்துக்கு எடுத்துப்போகிறது. வருடா வருடம் இப்படி நடந்தால் ஆற்றங்கரைதான் ஊரிலேயே மேடான இடமாகிறது. நமக்குப் பழக்கம் ஆற்றுக்கு இறங்கிப் போவது. அங்கே ஆற்றுக்கு ஏறிப் போக வேண்டும்.

ஆனால் விரல் நீள நீள ஒரு சிக்கல் வருகிறது. ஆறு கடலைத் தொடப் போக வேண்டிய தூரம் கூடுகிறது, சரிவு குறைகிறது, தண்ணீர் மந்தமாகிறது. பக்கத்திலேயே பள்ளமாக, கடலுக்குக் குறுக்கு வழி ஒன்று காத்திருக்கும். ஏதோ ஒரு வெள்ளத்தில் கரை உடையும். அடுத்தடுத்த வெள்ளங்களில் உடைப்பு பெரிதாகும். கடைசியில் முழு ஆறும் அந்தப் பக்கம் போய்விடும். கடல் மட்டம் ஏறக்குறைய நிலைத்து நின்ற இந்த ஏழாயிரம் வருடத்தில், ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு ஒருமுறை மிசிசிப்பி இப்படி இடம் மாறியிருக்கிறது. மேற்கே ஒரு டெல்டா, கிழக்கே ஒரு டெல்டா, நடுவில் ஒன்று. இன்றைய தெற்கு லூசியானா முழுக்க இப்படிப் போட்டுவைத்த திட்டுகளின் குவியல்.

ஆறு விட்டுப்போன திட்டு என்ன ஆகும்? சேறு தன் எடையிலேயே இறுகும், தாழும். புது மண் வந்துகொண்டிருக்கும்வரை இது வெளியே தெரியாது. தாழ்ந்த அளவுக்கு மேலே மண் ஏறிவிடும். மண் வரவு நின்றால் கடல் உள்ளே வரும். சாதுவான கடல்தான், ஆனால் பொறுமையான கடல். சேற்றைக் கரைத்துவிட்டு மணலை மட்டும் ஓரமாக ஒதுக்கும். கிழக்கே ஷாண்டலியர் தீவுகள் என்று பிறை மாதிரி ஒரு மணல் தீவு வரிசை இருக்கிறது. ஆறு கைவிட்ட செயிண்ட் பெர்னார்ட் டெல்டாவின் பழைய விளிம்பு அது. ஊர் போய் எல்லைக்கல் மட்டும் நிற்கிற மாதிரி.

ஆகவே ஒரு கணக்கு இருந்தது. ஒரு பக்கம் நிலம் சாகும், இன்னொரு பக்கம் பிறக்கும். மொத்தத்தில் வரவு கொஞ்சம் அதிகம். மனிதர்கள் உள்ளே வந்தபோது இந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

*

1718-ல் பியான்வீல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை ஆரம்பித்தது ஆறு போட்ட அந்த மேட்டுக் கரையில். இருந்ததிலேயே நல்ல இடம்தான். ஆனால் அந்த மேடே வெள்ளம் வந்து வந்து உண்டானது. அடுத்த வருடமே வெள்ளம் வந்தது. கரையை உயர்த்தினார்கள். 1720-களில் நகரத்துக்கு முன்னால் இருந்த மண்கரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அதன்பிறகு ஒவ்வொரு தோட்டக்காரரும் தன் நிலத்துக்கு முன்னால் கரை போட வேண்டும் என்று ஆனது. பெரும்பாலும் போட்டவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். ஒரு பக்கம் கரை போட்டால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறும். அங்கேயும் போட வேண்டும். கீழே போட்டால் மேலே போட வேண்டும். இப்படியே இரண்டு பக்கமும் கரை வளர்ந்தது. ஆறு வழிவது நின்றது. வழிவது நின்றால் மண் ஏறுவதும் நின்றது. அந்தப் பாதியை யாரும் கவனிக்கவில்லை.

முகத்துவாரத்தில் வேறு பிரச்சினை. அங்கே லா பலீஸ் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காவல் ஊரை வைத்தார்கள். கப்பல்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் வாழ்ந்த ஊர். பெயருக்கு அர்த்தமே கடல் அடையாளக் கம்பம். லா சாலுக்கு இல்லாமல் போன அடையாளம். ஆனால் முகத்துவாரம் நகர்ந்துகொண்டே இருந்ததால் ஊரும் இடம் மாற வேண்டியிருந்தது. மணலின் பாரம் தாங்காமல் அடியில் இருக்கிற களி பிதுங்கி, கடலுக்குள்ளிருந்து திடீரென்று சேற்றுத் தீவுகள் எழும்பும். கப்பல் வழி அடைபடும். 1860 செப்டம்பர் புயலில் லா பலீஸ் அழிந்தது. மிஞ்சியவர்கள் மேலே நகர்ந்து இன்னொரு ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை இதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்தது. 1862-ல், முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, சிப்பி எடுக்கிற க்யூபிட் என்பவரின் குடும்பம் ஆற்றங்கரையில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியது. பின்னாலிருந்த வளைகுடாவிலிருந்து ஆற்றுக்குப் படகைச் சுற்றாமல் கொண்டுவரத்தான். வெள்ளம் வந்தது. வாய்க்கால் அகன்று பெரிய உடைப்பானது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த உடைப்பு வழியாகப் போன மண், திறந்த வளைகுடாவாக இருந்த இடத்தில் ஒரு குட்டி டெல்டாவையே கட்டிவிட்டது. பிறகு அதுவும் மந்தமாகி, இருபதாம் நூற்றாண்டில் தாழ ஆரம்பித்தது. ஆயிரம் வருடத்தில் நடக்கிற முழுக் கதையும் ஒரு நூற்றாண்டுக்குள் நடந்து முடிந்தது. ஒரு குடும்பமும் சில மண்வெட்டிகளும் போதுமாயிருந்தன.

க்யூபிட்டுக்கு நேர் எதிரானவர் ஜேம்ஸ் ஈட்ஸ். பொறியாளர். முகத்துவாரத்தில் மண் மேடிட்டுக் கப்பல்கள் நாள்கணக்கில் காத்துக்கிடந்த காலம். 1875-ல் அவர் அரசிடம் ஒரு பந்தயம் மாதிரி ஒப்பந்தம் போட்டார்: ஆழம் கிடைத்தால் மட்டும் பணம் கொடுங்கள். தெற்கு வாயின் இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளமான தடுப்புச் சுவர்களைக் கட்டினார். அகலம் குறைந்தது, வேகம் கூடியது, ஆறு தன் அடியைத் தானே தோண்டிக்கொண்டது. மூன்று மீட்டருக்கும் குறைவாக இருந்த ஆழம் 1879-ல் ஒன்பது மீட்டர் ஆனது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் பிழைத்தது. அபாரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் இனிமேல் ஆறு தன் மண்ணை நேராக ஆழ்கடல் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடும். நிலமாக வேண்டிய மண் நிலமாகாத ஆழத்துக்குப் போனது.

*

1927 வசந்தத்தில் மிசிசிப்பியில் அதுவரை பார்க்காத வெள்ளம். நகரம் பயந்தது. நகரத்து வங்கிக்காரர்களும் பெரிய மனிதர்களும் கூடி, கீழே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கும் கேர்னார்வன் என்ற இடத்தில் கரையை வெடிவைத்து உடைக்க அரசின் அனுமதியை வாங்கினார்கள். ஏப்ரல் 29 அன்று டைனமைட் வைத்தார்கள். அந்தக் கரைக்குப் பின்னால் இருந்தது செயிண்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் மாவட்டங்கள். கேனரி தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியினர், மீன் பிடிப்பவர்கள், சதுப்பில் கஸ்தூரி எலிக்குப் பொறி வைத்துத் தோல் விற்பவர்கள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வீட்டை விட்டு வந்தார்கள். நஷ்டஈடு முழுசாகத் தருவோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அதைவிட மோசம், அடுத்த நாள்களில் மேலே வேறு இடங்களில் கரைகள் தானாகவே உடைந்து தண்ணீர் வடிந்தது. வெடி வைக்காமலே நகரம் தப்பியிருக்கும்.

இந்த இடத்தில்தான் கதை எனக்குப் புவியியலிலிருந்து வரலாறாக மாறுகிறது. அதுவரை எந்தப் பக்கம் மூழ்கும் என்பதை ஆறு முடிவு செய்தது. இனிமேல் அதை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

அடுத்த முடிவு இன்னும் பெரியது. கடலிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் மேலே, மிசிசிப்பியிலிருந்து அட்சாஃபலாயா என்றொரு ஆறு பிரிகிறது. அது கடலைத் தொடும் வழி இதில் பாதிகூட இல்லை. அதாவது ஆறு தேடிக்கொண்டிருந்த குறுக்கு வழி. ரொம்ப காலம் அதன் வாயை மரக்கட்டைகள் மிதந்துவந்து அடைத்திருந்தன. 1831-ல் ஹென்றி ஷ்ரீவ் படகுப் போக்குவரத்துக்காக மிசிசிப்பியின் ஒரு வளைவை வெட்டி நேராக்கினார். பிறகு அந்த மரக்கட்டைகளையும் அகற்றினார்கள். அட்சாஃபலாயா அகலவும் ஆழவும் தொடங்கியது. அந்தச் சமவெளியின் பழைய ஆற்றுத்தடங்களையெல்லாம் 1944-ல் வண்ண வண்ண வரைபடங்களாகப் போட்ட ஹெரால்ட் ஃபிஸ்க், 1952-ல் சொன்னார்: விட்டால் 1965-க்கும் 1975-க்கும் நடுவில் ஆறு அந்தப் பக்கம் போய்விடும்.

போயிருந்தால்? நியூ ஆர்லியன்ஸ் ஒரு உப்பங்கழியின் கரையில் நிற்கும். குடிநீர் போச்சு, துறைமுகம் போச்சு, ஆற்றோரத்துச் சுத்திகரிப்பு ஆலைகள் போச்சு. அதனால் 1954-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மிசிசிப்பியும் ரெட் ஆறும் சேர்ந்து கொண்டுவருவதில் 30 சதவீதம் அட்சாஃபலாயாவுக்கு, 70 சதவீதம் மிசிசிப்பிக்கு. அன்றைய பங்கு எப்படி இருந்ததோ அதையே நிரந்தரமாக்கினார்கள். 1963-ல் ஓல்டு ரிவர் கட்டுமானம் தயார். பத்தே வருடத்தில், 1973 வெள்ளத்தில், அதன் அடியில் தண்ணீர் பெரிய குழி பறித்தது, ஒரு பக்கச் சுவர் சரிந்தது. மதகு எப்படியோ நின்றது. பக்கத்தில் இன்னொன்று கட்டி 1986-ல் முடித்தார்கள்.

முக்கொம்பு பார்த்தவர்களுக்கு இது புதுக்கதையாக இருக்காது. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்ந்த வழி, நேர் வழி. விட்டால் தண்ணீர் அதில்தான் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, காவிரிப் பக்கம் மண் மேடிட்டு தஞ்சாவூருக்குத் தண்ணீர் குறைந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டி அதை நிறுத்தினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தப் பழைய அணையின் மதகுகள் சில அடித்துக்கொண்டு போயின. ஆறுக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொன்னால் கவிதையாகிவிடும். சரிவு இன்னும் அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

*

நின்ற ஆறு என்ன விலை கேட்டது? 1932-லிருந்து 2016 வரை லூசியானா கடலோரம் இழந்த நிலம் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர். கரைகள் மட்டும் காரணமில்லை. மிசௌரியிலும் மற்ற கிளையாறுகளிலும் கட்டிய அணைகள் வண்டலை மேலேயே பிடித்து வைத்துக்கொண்டன. இன்று வருகிற மண் பழைய அளவில் பாதிகூட இல்லை என்பார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் சதுப்புக்குள் பல ஆயிரம் கிலோமீட்டர் கால்வாய் வெட்டின. அவற்றின் வழியே உப்புநீர் புகுந்து நன்னீர்ச் செடிகளைக் கொன்றது. வேர் போனால் சேறு நிற்காது. கடல்மட்டமும் ஏறுகிறது. 2005-ல் கத்ரீனா வந்தபோது, நகரத்துக்கும் கடலுக்கும் நடுவில் புயலின் வேகத்தைக் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ள வேண்டிய சதுப்புநிலம் நிறைய இடங்களில் தண்ணீராக இருந்தது.

ஜான் சார்ல் தீவு என்று ஓர் ஊர். 1830-களில் பூர்வகுடிகளை நாட்டின் தென்கிழக்கிலிருந்து அரசு துரத்தியபோது தப்பி வந்தவர்கள் ஒதுங்கிய இடம். யாருக்கும் வேண்டாத சதுப்பு என்பதால்தான் அங்கே விட்டுவைத்தார்கள். 1955-ல் 22,000 ஏக்கர் இருந்தது. இன்று மிஞ்சியது 320 ஏக்கர் போல. ஊருக்குப் போகிற ஒற்றைச் சாலை காற்று திரும்பினாலே மூழ்கும். 2016-ல் அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது, 2022-ல் வடக்கே புது வீடுகளுக்கு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். அந்த மக்கள் கரை கட்டச் சொல்லவில்லை, ஆழம் தோண்டச் சொல்லவில்லை, கால்வாய் வெட்டவில்லை.

சரி, கரையைத் திறந்துவிட்டால்? அதையும் யோசித்தார்கள். ஆற்றின் மேற்குக் கரையில் பெரிய மதகு வைத்து, வெள்ளக் காலத்தில் மண்ணோடு தண்ணீரை பராடேரியா படுகைக்குள் விடும் திட்டம். க்யூபிட் குடும்பத்து வாய்க்கால்தான், 300 கோடி டாலர் செலவில். 2010 எண்ணெய்க் கசிவு விபத்துக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம். 2023 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. ஆனால் நன்னீர் உள்ளே வந்தால் அங்கே இன்று வாழும் சிப்பியும் இறாலும் போய்விடும் என்று அதை நம்பி வாழ்கிறவர்கள் எதிர்த்தார்கள். செலவும் ஏறியது. 2025 ஜூலையில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது.

படித்ததும் எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு 1927 ஞாபகம் வந்தது. பொது நன்மைக்காக உங்கள் பக்கம் தண்ணீரை விடுகிறோம், நஷ்டஈடு தருவோம் என்று அந்தக் கரையோரத்து மனிதர்களிடம் ஒருமுறை சொல்லியாகிவிட்டது. அவர்களுடைய தாத்தாக்கள் நம்பினார்கள். இவர்கள் நம்பவில்லை என்றால் அறிவியல் தெரியாததால் மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மண் இல்லாமல் நிலம் பிழைக்காது என்பதும் உண்மை. இரண்டு உண்மையும் ஒரே படுகைக்குள் கிடக்கின்றன.

கடைசியாக ஒரு வரைபடம். 1942-ல் அட்சாஃபலாயா பக்கம் மோர்கன் சிட்டி என்ற ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற ஒரு கால்வாய் வெட்டினார்கள். பெயர் வாக்ஸ் லேக் வெளியேற்று. தண்ணீரை வேகமாகக் கடலுக்கு அனுப்ப வேண்டும், வேறு நோக்கமில்லை. முப்பது வருடம் அதன் வாயில் மண் தண்ணீருக்கடியில் சேர்ந்துகொண்டே இருந்தது. 1973-ல், ஓல்டு ரிவர் மதகை ஏறக்குறைய கவிழ்த்த அதே வெள்ளம், அந்த மண்ணைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தது. இன்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அங்கே ஒரு முழு டெல்டா விரிந்திருக்கிறது. கிளை கிளையாக வாய்க்கால்கள், நடுவில் திட்டுகள், திட்டுகளின் மேட்டில் வில்லோ மரங்கள். அதற்கு யாரும் கரை போடவில்லை, யாரும் காவலும் இல்லை. உலகத்து ஆய்வாளர்கள் டெல்டா எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க அங்கேதான் போகிறார்கள்.

நான் அந்தப் படத்தை அடிக்கடி திறந்து பார்ப்பதுண்டு. ஒவ்வொரு முறையும் முதலில் தேடுவது அதில் ஏதாவது வீடு வந்துவிட்டதா என்று. இதுவரை இல்லை.